ஷோகேஸ் சம்சாரம்

முப்பத்தோரு வருடமாக ஒரு மனிதர் இந்தப் பேட்டை மக்களைச் சிரிக்கவிடாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவர் போலீஸ்காரர் அல்ல, கணக்கு வாத்தியாரும் அல்ல. பஸ் நிலையத்துக்குப் பின்தெருவில், மருந்துக்கடைக்கும் சாவி வெட்டுகிற கடைக்கும் நடுவில், பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கிறார். பாஸ்போர்ட்டுக்கும் அடையாள அட்டைக்கும் படம் எடுக்க வருகிறவர்களை முக்காலியில் உட்காரவைத்து மூன்று கட்டளைகள் இடுவார்: நேரா பாருங்க, சிரிக்காதீங்க, மூச்சு விடாதீங்க. மூன்றாவதை எந்த அரசாங்கமும் கேட்கவில்லை. அது அவர் தாமாகச் சேர்த்தது. முதல் கட்டளையே நாளடைவில் பெயராக ஒட்டிக்கொண்டுவிட்டது. நேராப்பாரு என்று சொன்னால்தான் தபால்காரருக்கே ஆளைத் தெரியும்.

ஒரு மனிதனுக்குப் பின்னால் எதுவுமே இருக்கக்கூடாது என்பது நேராப்பாருவின் கொள்கை. முக்காலிக்குப் பின்னால் ஒரு நீலத்துணி தொங்கும். அந்தத் துணிக்கு முன்னால் வந்து உட்கார்ந்துவிட்டால் டாக்டரும் டிரைவரும் ஒன்று. தலைக்குப் பின்னால் இருந்த வாழ்க்கை முழுவதும் வாசலில் கழற்றிவிட்ட செருப்போடு நின்றுவிடும். கம்ப்யூட்டர் வந்த பிறகு இந்தக் கலை உச்சத்துக்குப் போனது. வீட்டிலேயே எடுத்த குடும்பப் படங்களைக் கொண்டுவந்து கொடுத்தால், பின்னால் தெரியும் கொடிக்கயிறு, கேஸ் சிலிண்டர், ஜன்னலில் காயும் ஈரத்துண்டு எல்லாவற்றையும் ஒரு மணி நேரத்தில் துடைத்துக் கொடுத்துவிடுவார். ஒரு முறை வாசற்படியில் நின்றிருந்த ஒரு மாமனாரையும் துடைத்துவிட்டார். மருமகன் வந்து விசாரித்தபோது, பின்னணி சுத்தமாக இருக்கட்டும் என்று செய்ததாக விளக்கம் சொன்னார். மருமகன் கொஞ்ச நேரம் படத்தைப் பார்த்துவிட்டு, அப்படியே இருக்கட்டும் என்று வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

சொந்தக்காரர் வீட்டுக்குப் போனாலும் கை சும்மா இருக்காது. பேசிக்கொண்டே வாளியை நகர்த்துவார், மூலையில் சாய்ந்திருக்கும் துடைப்பத்தைக் கதவுக்குப் பின்னால் வைப்பார். பல வீடுகளில் அவர் வந்துபோன பிறகு இரண்டு நாள் துடைப்பம் தேடுவார்கள்.

இப்படிப்பட்டவருக்கு வாய்த்த மனைவியின் வாழ்க்கை முழுவதும் பின்னணியிலேயே நடக்கிறது. பஸ் நிலையத்தின் கோடியில், டிக்கெட் கவுன்டர்களையெல்லாம் தாண்டி, தொலைந்த பொருட்கள் பிரிவு என்று ஓர் அறை உண்டு. பஸ்ஸில் ஜனங்கள் விட்டுவிட்டு இறங்குகிற சாமான்களெல்லாம் அங்கே வந்து சேரும். அந்த அறைக்கு இந்த அம்மாதான் அதிகாரி, குமாஸ்தா, காவல். குடைகளே அதிகம் என்பதால் கண்டக்டர்கள் வைத்த பெயர் குடையம்மா. குடை தவிர, டிபன் கேரியர்கள், ஒற்றைச் செருப்புகள், ஒரு பல்செட், ஒரு சுவர்க்கடிகாரம் எல்லாம் உண்டு. ஊன்றுகோல் ஒன்று பதினோரு வருடமாக இருக்கிறது. அதை ஊன்றி ஏறியவர் அது இல்லாமல் எப்படி இறங்கினார் என்பதற்கு இன்றுவரை விடை கிடைக்கவில்லை. முழுசாக ஒரு மரக்கதவும் இருக்கிறது. கதவை மறந்துவிட்டு ஒருவன் வீடு போய்ச் சேர்ந்து என்னத்தைத் திறந்திருப்பான் என்று குடையம்மா அவ்வப்போது யோசிப்பதுண்டு.

இருவரும் நல்ல தம்பதி. சண்டை சச்சரவு என்று தெரு கூடியது இல்லை. ஆனால் இருபத்தேழு வருடமாகக் குடையம்மா தன் புருஷனின் கேமரா முன்னால் உட்காரவில்லை. அலுவலக அடையாள அட்டைக்குப் படம் வேண்டியிருந்தபோது, நேராப்பாருவின் கடைக்கு நேர் எதிரில் இருக்கும் ஸ்டூடியோவுக்குப் போய் எடுத்துக்கொண்டார். அதுவும் சாயங்காலம் ஐந்து மணிக்கு, தெருவே பார்க்க. எதிர்க்கடைக்காரன் அன்றைக்கு மருந்துக்கடைக்காரருக்கும் சாவிக்காரருக்கும் தன் செலவில் டீ வாங்கிக் கொடுத்ததாகச் சொல்கிறார்கள்.

காரணம் ஊரறிந்தது. கல்யாணமான மூன்றாவது மாதம் நேராப்பாரு தன் மனைவியை ஒரு படம் எடுத்தார். கறுப்பு வெள்ளைதான் காலத்துக்கும் நிற்கும் என்று அப்போது அவருக்கு ஒரு பிடிவாதம். பெண்ணின் மோவாயில், இடதுபக்கம், அரை அங்குலத்துக்கு ஒரு தழும்பு. சின்ன வயதில் தம்பி எறிந்த சிலேட்டின் விளிம்பு பட்டது. எறிந்த தம்பி அடிபட்டவளைவிட அதிகமாக அழுதான். அதற்குப் பிறகு வீட்டில் எந்தச் சண்டை வந்தாலும் அக்கா மோவாயைத் தொட்டுக் காட்டினால் போதும், தம்பி தோற்றுவிடுவான். அந்தத் தழும்பை வைத்து ஜன்னல் ஓர இடம், பெரிய போர்வை, வானொலியின் குமிழ் என்று பல உரிமைகளை அவர் ஈட்டியிருந்தார்.

நேராப்பாருவுக்கு இந்தச் சரித்திரம் தெரியாது. நெகட்டிவை எடுத்து, பென்சிலை ஊசியாகச் சீவி, மூன்று நாள் உட்கார்ந்து புள்ளி புள்ளியாக வைத்து அந்தத் தழும்பை அழித்தார். கண்ணுக்கடியில் இருந்த ஒரு நிழலையும் எடுத்தார். மூக்கையும் லேசாகத் திருத்தியதாக ஒரு பேச்சு உண்டு. அவர் அதை மறுக்கிறார். சட்டம் போட்டுக் கொண்டுவந்து நீட்டினார். பெண் வாங்கிப் பார்த்தார்.

"யாருங்க இது?"

"நீதான்."

"என் தங்கச்சி மாதிரி இருக்கா," என்றார் அவர். "எனக்குத் தங்கச்சி கிடையாது."

அத்தோடு சரி. படத்தை வீட்டில் மாட்ட இடம் கிடைக்கவில்லை. அவ்வளவு உழைப்பை வீணாக்க மனமில்லாத நேராப்பாரு அதைக் கடையின் ஷோகேஸில் மாதிரிப் படமாக வைத்தார். பார்க்கிற பெண்களெல்லாம் இதே மாதிரி எடுத்துக் கொடுங்கள் என்று வர, வியாபாரம் சூடு பிடித்தது. குடையம்மா தினமும் வேலைக்குப் போகிறபோதும் வருகிறபோதும் அந்த ஷோகேஸைத் தாண்டித்தான் போக வேண்டும். அந்தப் படத்துக்கு அவர் வைத்த பெயர், உங்க சம்சாரம். சாப்பாட்டில் உப்பில்லை என்று நேராப்பாரு சொன்னால், உங்க சம்சாரத்தைப் போட்டுத் தரச் சொல்லுங்க என்பார். ஞாயிற்றுக்கிழமை கடை மூடியிருந்தால், பாவம் தனியா இருக்கா, போய்ப் பார்த்துட்டு வாங்க என்பார். சிரித்துக்கொண்டேதான் சொல்வார். இருபத்தேழு வருடம் சிரித்துக்கொண்டே சொல்லப்படுகிற ஒன்று சிரிப்பா இல்லையா என்பதை ஆராய நேராப்பாருவுக்கு நேரம் வாய்க்கவில்லை.

இவர்களுக்கு ஒரே மகள், நர்ஸ். தூர தேசத்து ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை கிடைத்து, மூன்று வருட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டாள். நடுவில் விடுமுறை கிடையாது. கிளம்ப ஒன்பது நாள் இருக்கும்போது, பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் அப்பாவைக் கூப்பிட்டு, அம்மாவை ஒரு படம் எடுத்துத் தர வேண்டும் என்றாள். செல்போனில் இல்லையா என்று அவர் கேட்டார். அவள் செல்போனைத் திறந்து காட்டினாள். இருநூற்றுப் பதினான்கு படங்கள். எல்லாவற்றிலும் அம்மாவின் உள்ளங்கை. யார் எடுத்தாலும் குடையம்மா கையை நீட்டி மறைத்துவிடுவார். எடுத்தா அது கடைசியில் உங்கப்பா கைக்குத்தான் போகும், அவர் துடைச்சிடுவார் என்பது அவர் வாதம். கைரேகை பார்க்கிறவருக்கு அந்தப் படங்கள் பெரிய பொக்கிஷம். மூன்று வருடம் ஊர் கடந்து இருக்கப்போகிற பெண்ணுக்கு ஒரு உள்ளங்கை போதாது.

"துணி முன்னாடி வேண்டாம்ப்பா," என்றாள் மகள். "அம்மா ரூம்ல வேணும். அம்மா எப்படி இருப்பாங்களோ அப்படி."

பள்ளிக்கூடம் விட்டால் அவள் நேராக அந்த அறைக்குத்தான் போவாள். சாக்குமூட்டை மேல் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதினாள். அந்த மரக்கதவை இரண்டு ஸ்டூல்கள் மேல் போட்டுத்தான் பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் படித்தாள். அம்மா என்றால் அவளுக்கு அந்த அறையும் சேர்த்துத்தான். நேராப்பாருவுக்கோ விஷயம் புரிந்த மாதிரியும் இருந்தது, புரியாத மாதிரியும் இருந்தது. ஆனால் பெண் கேட்கிறது; இதுவரை பெரிதாக எதுவும் கேட்டதில்லை. சரி என்றார்.

அவர் செய்த முதல் காரியம், அரசாங்க வழியில் போனது. பஸ் நிலைய மேலாளருக்கு முறைப்படி ஒரு கடிதம் எழுதி, தொலைந்த பொருட்கள் பிரிவில் படம் எடுக்க அனுமதி கேட்டார். மேலாளர் அன்றே கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு, போட்டோ எடுக்க வருகிறார்கள் என்று ஆட்களுக்கு உத்தரவும் போட்டார். சனிக்கிழமை காலையில் நேராப்பாரு கேமராவோடு போய்ச் சேர்ந்தபோது சுவருக்கு வெள்ளையடித்து ஈரம் காய்ந்துகொண்டிருந்தது. குடைகள் பின்புற கிடங்குக்குப் போயிருந்தன. மரக்கதவு கழிப்பறைப் பக்கம் போயிருந்தது. காலியான அலமாரித் தட்டுகளின் நடுவில் ஒரு பூந்தொட்டி. மேஜைக்கு முன்னால் மேலாளர், புதுச் சட்டையில். அவருக்கு இரண்டு பக்கமும் வேறு பிரிவு குமாஸ்தாக்கள் இரண்டு பேர். எதற்கு வந்தோம் என்று அவர்களுக்கே தெரியாது. ஓரத்தில் ஒரு பெரிய பதிவேடு நின்றுகொண்டிருந்தது. அதன் இரு விளிம்பிலும் நான்கு நான்கு விரல்கள் தெரிந்தன. பின்னால் குடையம்மா இருந்தார் என்று அனுமானிக்க வேண்டியதுதான்.

வெட்கத்தைவிட்டுச் சொல்ல வேண்டுமானால், நேராப்பாருவுக்கு அந்த அறை அன்றைக்கு ரொம்பப் பிடித்திருந்தது. எதையும் நகர்த்த வேண்டிய தேவையே இல்லை. படத்தைப் பெருமையோடு வீட்டுக்குக் கொண்டுபோனார். மகள் பார்த்துவிட்டு, பாங்க் திறப்பு விழா மாதிரி இருக்கிறது என்றாள். அம்மா எங்கே என்றும் கேட்டாள். அவர் விரல்களைக் காட்டினார்.

குடைகளையெல்லாம் திரும்ப அடுக்கக் குடையம்மாவுக்கு ஒரு நாள் பிடித்தது. ஐம்பத்திரண்டு கறுப்புக் குடைகளை யாரோ ஒன்றன்மேல் ஒன்றாகக் குவித்து வைத்திருந்தார்களாம்.

அன்று சாயங்காலம் மகள் அப்பாவிடம் ஒரு கேள்வி கேட்டாள். "அம்மா வேலை செய்யறதை நீங்க என்னைக்காவது பாத்திருக்கீங்களாப்பா?"

நேராப்பாரு யோசித்தார். கடை திறக்கிற நேரமும் அந்த அறை திறக்கிற நேரமும் ஒன்று. மூடுகிற நேரமும் ஒன்று. ஸ்டூடியோவிலிருந்து எட்டு நிமிட நடை. இருபத்தேழு வருடத்தில் சாப்பாட்டு டப்பா மாறிப்போன அன்றைக்கு ஒரு தடவை போயிருக்கிறார். அப்போதும் வாசலிலேயே மாற்றிக்கொண்டு வந்துவிட்டார். மகள் சொன்னாள்: திங்கட்கிழமை போங்க. கேமரா வேண்டாம். உட்கார்ந்து பாத்துட்டு மட்டும் வாங்க.

திங்கட்கிழமை கடையைச் சாவிக்காரரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, வெறுங்கையோடு போனார். கேமரா இல்லாமல் கைகளை என்ன செய்வதென்று தெரியவில்லை. கவுன்டருக்குப் பின்னாலிருந்து குடையம்மா நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன தொலைச்சீங்க?"

"ஒண்ணும் தொலைக்கல. சும்மா..."

"சும்மா வர்றவங்களுக்கு பெஞ்சு அந்தப் பக்கம்."

அவர் பெஞ்சில் போய் உட்கார்ந்தார். பக்கத்தில் பொருளைத் தேடி வந்தவர்கள் மூன்று பேர் இருந்தார்கள். முதலில் எழுந்துபோனவர் மடிப்புக் கலையாத சட்டைக்காரர். கறுப்புக் குடை ஒன்றைத் தொலைத்துவிட்டதாகச் சொன்னார்.

"கறுப்புக் குடை அம்பத்திரண்டு இருக்கு," என்றார் குடையம்மா. "உங்க குடையில என்ன கோளாறு?"

"கோளாறா? ஒரு கோளாறும் இல்லம்மா. புத்தம் புதுசு."

"கோளாறு இல்லைன்னா அது உங்களோடதுன்னு நான் எப்படிக் கண்டுபிடிக்கிறது? ஒரு கம்பி வளைஞ்சிருக்கும், பிடியில ஏதாவது கீறல் இருக்கும், பித்தான் போயிருக்கும். நல்லா யோசிச்சுப் பாருங்க."

மடிப்புச் சட்டைக்காரர் யோசித்தார். அவர் யோசித்த விதத்திலிருந்து அவர் குடையே வாங்கியதில்லை என்று பெஞ்சுக்குப் புரிந்துவிட்டது. நாளைக்கு வருவதாகச் சொல்லிப் போய்விட்டார்.

அடுத்து எழுந்தவர் ஒரு குழாய் ரிப்பேர்க்காரர். அவரும் கறுப்புக் குடைதான் கேட்டார். மூன்றாவது கம்பி உடைந்து சிவப்பு ஒயரால் கட்டியிருக்கும், துணியில் சிகரெட் பட்ட ஓட்டை ஒன்று, பிடியின் நுனியை என் பொண்ணு பல் முளைக்கிறப்போ கடிச்சு வச்சிருக்கா என்று அவர் முடிக்கும் முன்னால் குடையம்மா உள்ளே போய் அதைக் கையோடு கொண்டுவந்துவிட்டார். பிடியின் நுனியைத் தாமே ஒரு தடவை விரலால் தடவிப் பார்த்தார். குட்டிக் குட்டியாகப் பல் தடம். "இப்ப எத்தனை வயசு?" என்று கேட்டார். ஏழு என்றார் குழாய்க்காரர். குடையம்மாவின் முகத்தில் அந்தக் கணத்தில் என்ன நடந்தது என்பதை நேராப்பாரு பிற்பாடு மகளிடம் விளக்க முயன்று நான்கு தடவை தோற்றார். முப்பத்தோரு வருடம் முகங்களைப் பார்த்தே பிழைத்தவர். அப்படி ஒரு முகம் தன் வீட்டில் இருப்பது அவருக்குத் தெரியாமல் போய்விட்டது.

மதியம்வரை உட்கார்ந்திருந்தார். கோளாறு சொன்னவர்களுக்கெல்லாம் பொருள் கிடைத்தது. சொல்லத் தெரியாதவர்கள் கையை வீசிக்கொண்டு திரும்பினார்கள். பன்னிரண்டரை மணிக்கு நேராப்பாருவுக்குப் பெஞ்சு சுட்டது. எழுந்து கடைக்குப் போனார்.

ஷோகேஸைத் திறந்து எத்தனையோ வருடமாகிறது, பூட்டு துருப்பிடித்திருந்தது. சாவிக்காரர் வந்து எண்ணெய் விட்டுத் தட்டித் திறந்து கொடுத்தார். என்ன சார், அம்மாவை எங்க கூட்டிட்டுப் போறீங்க என்று கேட்டார். எதிர்க்கடைக்காரன் வாசலுக்கே வந்துவிட்டான். நேராப்பாரு சட்டத்தைப் பழைய செய்தித்தாளில் சுற்றி வீட்டுக்கு எடுத்துப் போனார்.

குடையம்மா வேலையிலிருந்து வந்து துணி மடித்துக்கொண்டிருந்தார். செய்தித்தாளைப் பிரித்துப் பார்த்தார்.

"இவளை எதுக்கு வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தீங்க?"

"கடையிலேர்ந்து நிறுத்திட்டேன்."

"அய்யோ பாவம். எத்தனை வருஷ சர்வீஸ்."

நேராப்பாரு இதற்குச் சிரிப்பார் என்று குடையம்மா எதிர்பார்த்திருக்க வேண்டும். அவர் சிரிக்காமல் தரையில், மடித்த துணிகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். தப்பு பண்ணிட்டேன் என்றார். எது என்று குடையம்மா கேட்கவில்லை. ஒரு துண்டை எடுத்து நான்காக மடித்து, திருப்தி வராமல் பிரித்து மறுபடி மடித்தார்.

"அழகா வரட்டும்னு பண்ணேன்," என்றார் நேராப்பாரு.

"அப்ப அழகா இல்லைன்னு நெனச்சீங்க."

"அப்படி நெனச்சிருந்தாக்கூடப் பரவாயில்லையே. எதுவுமே நெனைக்கல. வர்ற எல்லாருக்கும் அதைத்தான் பண்ணுவேன். பென்சிலை எடுத்தா கை அதுபாட்டுக்குப் போகும். உன் மூஞ்சியை நான் பாக்கவே இல்ல."

"அதான்," என்றார் குடையம்மா. "பாக்கவே இல்ல. அதைத்தான் இத்தனை வருஷமா சொல்லிட்டிருக்கேன்."

நேராப்பாரு ஒரு சட்டையை எடுத்து மடித்தார், மோசமாக மடித்தார். குடையம்மா அதைப் பிரிக்காமல் அப்படியே அடுக்கின்மேல் வைத்தார். முப்பது வருடத்தை நெருங்கும் குடும்ப வாழ்க்கையில் இது சாதாரண சலுகை அல்ல.

"புதன்கிழமை பதினொரு மணிக்கு வாங்க," என்றார் கடைசியில். "அப்பதான் கூட்டம் இருக்கும், எனக்கு உங்களைப் பாக்க நேரமிருக்காது. பெஞ்சுல உக்காந்து எடுத்துக்கங்க. நேரா பாருன்னு மட்டும் ஒரு வார்த்தை வந்துச்சு, கவுன்டரை மூடிடுவேன்."

புதன்கிழமை மகளும் கூட வந்தாள். அப்பாவை நம்ப முடியாது என்பது அவள் காரணம். நல்லவேளை வந்தாள். மேலாளர் அடித்த வெள்ளையின் மேல் அதற்குள் இரண்டு கைத்தடமும் ஒரு செல்போன் எண்ணும் ஏறியிருந்தன. தட்டுகளில் குடைகள் திரும்பி வந்து நெருக்கியடித்துக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றிலும் நூல் கட்டி, எண் எழுதிய ஒரு அட்டைச் சீட்டு. மழைக்கு ஒழுகும் இடத்தில் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் வாளி, சரியாகக் குடையம்மாவின் தோளுக்குப் பின்னால். நேராப்பாரு வியூஃபைண்டரில் கண்ணை வைத்தார், வாளியைப் பார்த்தார், எழுந்தார். மகள் சட்டையைப் பிடித்து உட்காரவைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து, அது அங்கே இருக்கட்டும், ஒரு அடி இந்தப் பக்கம் மட்டும் என்று மறுபடி எழுந்தார். மறுபடி உட்காரவைக்கப்பட்டார். தரையில் கிடந்த சணல் கயிறு, சாய்ந்து நின்ற ஊன்றுகோல், ஆணி கழன்று ஒரு பக்கம் இறங்கிய மூன்றாவது தட்டு என்று ஒவ்வொன்றும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டன. நெற்றியில் வேர்த்துவிட்டது. குடியை விட்டவர்கள் முதல் வாரம் இப்படித்தான் இருப்பார்கள் என்று மகள், ஆஸ்பத்திரி அனுபவத்தில், பின்னால் சொன்னாள்.

அரை மணி நேரத்தில் வேர்வை அடங்கியது. கூட்டம் வந்துகொண்டேயிருந்தது. ஒருவர் தோள்மேல் ஒருவர் எட்டிப் பார்க்க, குடையம்மா பதிவேட்டில் எழுதுவதும், உள்ளே போவதும், மேலே ஏறுவதும், பென்சிலை எங்கே வைத்தோம் என்று தேடி அது தன் கொண்டையிலேயே இருப்பதைக் கண்டுபிடிப்பதுமாக இருந்தார். பெஞ்சையே மறந்துவிட்டார். நேராப்பாரு எடுத்துக்கொண்டேயிருந்தார்.

பன்னிரண்டு மணியை ஒட்டி ஒரு இளம் அப்பா, இடுப்பில் குழந்தையோடு வந்தார். குழந்தையின் ஒரு காலில் ஷூ இருந்தது, ஒரு காலில் இல்லை. அடையாளம் கேட்கவே வேண்டியிருக்கவில்லை. அடையாளம் இன்னொரு காலில் தொங்கிக்கொண்டிருந்தது. குடையம்மா சாக்குக்குள் தலையைவிட்டுத் தேடி, கையளவு ஷூ ஒன்றை எடுத்துக்கொண்டு நிமிர்ந்தார். தலைமுடியில் தூசி. முந்தானை ஒரு டிபன் கேரியரில் மாட்டியிருந்தது. ஷூவைக் குழந்தைக்கு நேராகத் தூக்கிக் காட்டி, இதுவா என்று புருவத்தால் கேட்டார். நேராப்பாரு ஒரு தடவை அழுத்தினார். அப்புறம் கேமராவை இறக்கி மடியில் வைத்துக்கொண்டார். இன்னும் எடுங்களேன் என்று மகள் சொன்னதற்குத் தலையை மட்டும் ஆட்டினார்.

வியாழக்கிழமை கடையில் அந்தப் படத்தைக் கம்ப்யூட்டரில் திறந்து, அதன் முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். வாளி இருந்தது. கயிறு இருந்தது. மோவாயில் தழும்பு, வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்ததால் இருக்கிறதைவிடக் கொஞ்சம் எடுப்பாகவே இருந்தது. சுட்டியிலிருந்து கையை எடுத்து, இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு பார்த்ததாகச் சாவிக்காரர் சாட்சி சொல்கிறார். பிறகு அப்படியே, எதையும் தொடாமல், பெரிய அளவில் ஒரு பிரதி எடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

மகள் முதலில் வாங்கிப் பார்த்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, கொடியில் காய்ந்த துணியை எடுப்பது போல அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டாள். அங்கே துணி எதுவும் இல்லை.

பிறகு குடையம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து, ஜன்னல் வெளிச்சத்தில் படத்தைச் சாப்பாட்டு மேஜைமேல் வைத்துக் குனிந்தார். நேராப்பாரு எதிரில் நின்றார். பரீட்சைத் தாளைத் திருத்துகிறவர் முன்னால் நிற்கிற பையன்கூட மூச்சு விடுவான். அவர் விடவில்லை.

குடையம்மா வெகுநேரம் பார்த்தார். கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். ஆள்காட்டி விரல் படத்தின் மேல் இடமிருந்து வலமாக ஊர்ந்தது. முதல் தட்டு, இரண்டாவது தட்டு, நடுவில் தன் முகத்தின் மேலேயே ஏறி, அங்கே நிற்காமல், மறுபக்கம் இறங்கி மூன்றாவது தட்டுக்குப் போய் நின்றது.

"இங்க பாருங்க," என்றார். "இந்தக் கட்டம் போட்ட குடைக்கும் அதுக்குப் பக்கத்துக் கறுப்புக்கும் சீட்டு மாறியிருக்கு. அன்னைக்கு அவங்க குவிச்சு வச்சதுல மாறிப்போச்சு. நானும் கவனிக்கலையே. அந்தக் கட்டம் போட்ட குடைக்கு ஒரு அம்மா ரெண்டு நாளா வந்து வந்து போறாங்க."

"முகம் எப்படி இருக்குன்னு சொல்லலையே," என்றார் நேராப்பாரு.

"முகத்துக்கென்ன, அது பாட்டுக்கு அங்க இருக்கு." விரல் மூன்றாவது தட்டை விட்டு நகரவில்லை. "இங்க இன்னொண்ணும் மாறியிருக்கா பாருங்க, எனக்குக் கண்ணு தெரியல. நல்லாத்தான் எடுத்திருக்கீங்க, ஒவ்வொரு சீட்டும் படிக்கிற மாதிரி இருக்கு."

நேராப்பாரு மேஜையைச் சுற்றி வந்து அவர் பக்கத்தில் குனிந்தார். இரண்டு பேருமாகத் தலையோடு தலை முட்ட, அத்தனை குடைகளின் சீட்டுகளையும் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார்கள். அவர் எண்ணைப் படித்தார், குடையம்மா கோளாறைச் சொன்னார். முப்பத்தொன்பதாவது குடைக்கு வருகிறபோது குடையம்மா தலையைத் தூக்காமலே, இந்தப் படம் நாளைக்கு எனக்கு ஆபீஸ்ல வேணும், சாயங்காலம் அவ கிளம்பறதுக்குள்ள அவளுக்கு வேற ஒண்ணு போட்டுக் குடுத்துடுங்க என்றார்.

சரி என்று சொல்லிவிட்டு நேராப்பாரு நாற்பதாவது எண்ணைப் படித்தார்.